மைத்தடத்தில் மனம் தேடிய மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக்

உடலின் வெப்பத்தை அளக்கக் கருவி உண்டு. குருதியின் அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. மனத்தின் போக்கை அளக்கக் கருவி உண்டா? உளநோய்க்கு ஆட்படக்கூடிய இயல்பு ஓர் இளைஞரிடம் இருக்கிறதா என்பதை முன்னரே அறிதல் கூடுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடியோருள் உலகம் நன்கறிந்த ஒருவர், சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக். முப்பத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த அப்பெருமகனாரின் வரலாறு, அளக்க முனைவோர்க்கும் அளக்கப்படுவோர்க்கும் ஒருசேரப் படிப்பினையாக அமைந்துள்ளது.

இளமை

ரோர்ஷாக் 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் சூரிச் நகரில் பிறந்தார். ஷாஃப்ஹௌசன் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் ஓவிய ஆசிரியர். காகிதத்தில் மைத்துளியைச் சிந்தி, இரண்டாக மடித்து, விரியும் வடிவத்தில் உருவங்களைக் காண்பது அந்நாளைய சிறுவர்களின் விளையாட்டு. பள்ளித் தோழர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயரும் மைத்தடம் என்னும் பொருளுடையதே. பன்னிரண்டாம் வயதில் தாயையும் பதினெட்டாம் வயதில் தந்தையையும் இழந்தார். ஓவியம் பயில்வதா, அறிவியல் பயில்வதா என்று தடுமாறிய இளைஞர், புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்கு மடல் எழுதி வழி கேட்டார். அறிவியலே ஏற்றது என்று விடை வந்தது. எனினும், தூரிகை அவர் கையை விட்டு அகலவில்லை.

மருத்துவப் பணி

சூரிச் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ஆய்கன் புளூலர். மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் வழங்கும் ஸ்கிசோஃப்ரீனியா என்னும் பெயரை 1908-இல் அறிமுகப்படுத்தியவர் அவரே. இந்நோய் சிலரிடம் வெளிப்படையாக எழாமல் மறைந்தும் இருக்கக்கூடும் என்பது புளூலரின் கருத்து. நோயுற்றோர்க்கும் நலமுற்றோர்க்கும் இடையே உள்ள கோடு அத்துணைத் தெளிவானதன்று என்னும் எண்ணத்திற்கு அக்கருத்து வித்திட்டது.

ரோர்ஷாக் 1910-இல் ருசிய நாட்டு மங்கை ஓல்காவை மணந்தார். மாயத்தோற்றங்களைப் பற்றி ஆராய்ந்து 1912-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1915 முதல் ஹெரிசாவ் மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். நோயாளிகளுக்காக விழாக்களும் பொம்மலாட்டமும் ஏற்பாடு செய்தார். அவர்களைப் பூட்டி வைக்க வேண்டியவர்களாகக் கருதாமல், உறவாட வேண்டிய மனிதர்களாகக் கருதியவர் அவர்.

பத்து அட்டைகள்

அம்மருத்துவமனையில்தான் 1918 முதல் தம் இளமை விளையாட்டை அறிவியல் ஆய்வாக வளர்த்தார். இருபுறமும் ஒத்தமைந்த மைத்தடங்களைத் தாமே வரைந்து பண்படுத்தி, 405 பேரிடம் காட்டி, இஃது என்னவாக இருக்கலாம் என்று வினவினார். அவர்களுள் 117 பேர் நலமுடையோர். 188 பேர் மனச்சிதைவுற்றோர். எஞ்சியோர் பிற நோயாளிகள். ஒருவர் எதைக் கண்டார் என்பதைவிட எவ்வாறு கண்டார் என்பதே அவருக்கு முதன்மையாயிற்று. முழுத்தடத்தையும் கண்டாரா, ஒரு மூலையை மட்டும் கண்டாரா? வடிவத்தால் ஈர்க்கப்பட்டாரா, வண்ணத்தாலா? அசையா மையில் அசைவைக் கண்டாரா? சொன்ன உருவம் தடத்தோடு பொருந்துகிறதா? இவற்றை எண்ணிக் கணக்கிட்டு ஒப்பிட்டார்.

பதிப்பாளர்கள் பலர் கைவிரித்த பின்னர், 1921-இல் பத்து அட்டைகளோடு அவர்தம் நூல் வெளிவந்தது. படங்கள் அளவில் சுருங்கின. அச்சில் வண்ணமும் மாறிற்று. நூல் விற்பனையாகவில்லை; அறிஞருலகமும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இருப்பினும் அவர் மனம் தளரவில்லை. தம் முறை ஒரு சோதனை முயற்சியே, அதன் கோட்பாட்டு அடித்தளம் இன்னும் நிறைவுறவில்லை என்பதை அந்நூலிலேயே ஒப்புக்கொண்டவர் அவர். நூல் வெளிவந்து ஓராண்டு நிறையுமுன், 1922 ஏப்ரல் 2-ஆம் நாள், குடல்வால் வெடித்து ஏற்பட்ட வயிற்று அழற்சியால் காலமானார். மனைவியும் இரு இளங்குழந்தைகளும் துயரில் ஆழ்ந்தனர்.

அளவையும் தீர்ப்பும்

அவர் மறைவுக்குப் பின் அவ்வட்டைகள் கடல் கடந்து பரவின. ஆனால் ஆசிரியர் காட்டிய அடக்கத்தைப் பின்வந்தோர் அனைவரும் காட்டவில்லை. அவர் அறுதியிடாத பொருள்களையெல்லாம் அட்டைகளின் மேல் ஏற்றியுரைத்தனர். நலமுடையோரையும் நோயாளராகக் காட்டிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு 1990-களின் இறுதியில் வலுவாக எழுந்தது. 2013-இல் வெளியான விரிவான மதிப்பாய்வு ஒன்று, பிறழ்ந்த காட்சியறிவையும் சிதறிய சிந்தனையையும் கண்டறிவதில் இம்முறைக்கு நல்ல சான்று உண்டு என்றும், வேறு பல கூறுகளுக்குச் சான்று போதாது என்றும் பிரித்துக் காட்டியது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லோரன் சாப்மனும் அவர்தம் துணைவியார் ஜீன் சாப்மனும் வேறொரு வழியில் இதே வினாவை ஆராய்ந்தனர். விந்தையான புலனுணர்வுகளும் நம்பிக்கைகளும் மிகுந்த கல்லூரி மாணவர்களை வினாப்பட்டியலால் இனங்கண்டு, பத்தாண்டுகள் கழித்து மீண்டும் சந்தித்தனர். 1994-இல் வெளியான முடிவின்படி, மிகுதியான மதிப்பெண் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே கடும் உளநோய்க்கு ஆளாயினர். ஏனையோரில் அது நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆகவே அவ்வளவை பொய்யன்று. ஆயினும், எச்சரிக்கப்பட்ட நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு அந்நோய் வரவேயில்லை என்பதையும் மறத்தலாகாது.

நம் வகுப்பறைகளிலும் தனித்திருக்கும் மாணவர் உண்டு. பிறர் காணாததைக் காண்பதாகக் கூறுவோரும் உண்டு. அவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டுவது எளிது. அப்பெயரைச் சுமந்து வாழ்வதோ அரிது. துன்பம் மிகுந்தால் தயங்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடமை; அதற்கு முன்னரே தீர்ப்பெழுதுதல் நம் உரிமையன்று. தாம் ஆக்கிய அளவையின் குறையைத் தாமே எடுத்துரைத்த ரோர்ஷாக்கின் வாழ்வு, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதனையே உணர்த்துகின்றது.