துப்பாக்கிக்கு வேறு குழல் மாற்றலாம், ஆனா எது பொருந்தும்? விடை தேடிய ஜோசப் விட்வொர்த்தின் கதை

ஐடிஐ-யில் ஃபிட்டர், டர்னர் படித்த யாரிடமாவது பி.எஸ்.டபிள்யூ. மரையின் கோணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 55 டிகிரி என்பார்கள். அந்தச் சுருக்கத்தில் கடைசியாக வரும் டபிள்யூ ஒரு மனிதரின் பெயர். பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு விட்வொர்த். முழுப் பெயர் ஜோசப் விட்வொர்த்.

நட்டு, போல்ட்டுக்கு ஒரே அளவு கொண்டுவந்தவர் என்றுதான் அவரைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அவர் வாழ்க்கையில் பாடத்துக்கு வராத இன்னொரு பக்கம் உண்டு: துப்பாக்கிக் குழல்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் போட்டிக்காகச் சுடுபவர்களும் வேட்டைக்காரர்களும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளின் குழல் தேய்ந்துவிட்டால் துப்பாக்கியையே தூக்கிப் போடுவதில்லை. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ளும் அந்த போல்ட்டையும் உடலையும் அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு கம்பெனி செய்த குழலை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கும் முன் பார்க்கும் விஷயங்கள் சில. மரை பொருந்துமா? உள்துளை கடைசிவரை ஒரே அளவில் இருக்கிறதா? உள்ளே இருக்கும் முறுக்கு நம் தோட்டாவுக்குச் சரிவருமா?

இந்தக் கேள்விகளுக்கு அளந்து, சோதித்து விடை தேடியவர்களில் முன்னோடி விட்வொர்த். இத்தனைக்கும் அவர் செய்த ரைஃபிள் போல்ட்-ஆக்‌ஷன் இல்லை; வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் பழைய வகை.

பஞ்சாலையிலிருந்து கிளம்பிய பையன்

1803 டிசம்பர் 21-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார் விட்வொர்த். அப்பா பள்ளி ஆசிரியர், பின்னாளில் போதகர். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். 14 வயதில் பையனை டெர்பிஷயரில் மாமாவின் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள். கணக்கு வழக்கு கற்றுக்கொண்டு ஒருநாள் பங்குதாரராவான் என்பது வீட்டின் திட்டம்.

பையனின் கண்ணோ கணக்குப் புத்தகத்தில் இல்லை, மெஷின்களில் இருந்தது. சில வருடங்களில் ஆலையை விட்டுக் கிளம்பி மான்செஸ்டரில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்தார். 1825-ல் திருமணம். அதே காலத்தில் லண்டன் போய், அன்றைக்குப் பெரிய பெயர் பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஜோசப் கிளெமென்ட்டிடம். சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரத்துக்கு பாகங்கள் செய்துகொண்டிருந்தவர் இந்த கிளெமென்ட்.

1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பி சொந்தப் பட்டறை போட்டார். வயது 29.

மூன்று தகடுகள்

ஒரு தகடு முழுக்கச் சமமாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? இன்னொரு தகட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஆனா ஒன்று லேசாகக் குழிந்தும் மற்றொன்று அதே அளவு புடைத்தும் இருந்தால், இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். ரெண்டுமே தப்பு, பார்த்தால் சரி மாதிரி இருக்கும்.

இதற்கு வழி மூன்றாவது தகடு. மூன்றையும் மாற்றி மாற்றி ஒன்றோடு ஒன்று பொருத்தி, மேடு தெரியும் இடத்தைச் சுரண்டிக்கொண்டே போனால், மூன்றும் எல்லா ஜோடியிலும் பொருந்தும் நிலை வரும். அப்போது மூன்றுமே உண்மையான சமதளம். பட்டறைகளில் தேய்த்துச் சமன் செய்வதுதான் பழக்கமாக இருந்தது. தேய்ப்பதை விட்டுச் சுரண்டும் முறைக்கு மாற வேண்டும் என்று 1840-ல் அறிஞர்கள் சபையில் விளக்கினார் விட்வொர்த்.

அடுத்து, அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காட்டும் அளவுக் கருவி. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அதைப் பார்த்து ஆச்சரியப்படாதவர்கள் குறைவு. அளவுகோலைக் கண்ணால் பார்ப்பதைவிட, தொட்டு உணர்ந்து அளப்பது துல்லியம் என்பது அவர் கண்ட பாடம்.

ஆளுக்கொரு மரை

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு ஊரில் வாங்கிய போல்ட்டுக்கு அடுத்த ஊர் நட்டு ஏறாது. மெஷின் ரிப்பேர் என்றால் செய்தவரிடமே போய் நிற்க வேண்டும்.

விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து ஸ்க்ரூக்களைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். 1841-ல் ஒரே ஒழுங்கை முன்வைத்தார்: கோணம் எல்லாவற்றுக்கும் 55 டிகிரி, எந்தக் கனத்துக்கு அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதற்கு ஒரு பட்டியல். ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன. அடுத்த இருபது வருடத்தில் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

யாரோ செய்த உடலில் வேறு யாரோ செய்த குழலைத் திருகி மாட்டலாம் என்ற எண்ணமே இந்த ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது.

அரசு கேட்டது மெஷின், அவர் கேட்டது காரணம்

1854. கிரிமியப் போர். பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ரைஃபிள்கள் வேண்டும், வேகமாக வேண்டும். அவற்றைச் செய்யும் மெஷின்களை வடிவமைத்துத் தரும்படி விட்வொர்த்தை அரசு கேட்டது. பெரிய காசு வரும் வேலை.

விட்வொர்த் உடனே சம்மதிக்கவில்லை. ஒரே மாதிரி செய்த இரண்டு குழல்களில் ஒன்று நன்றாகச் சுடுகிறது, மற்றொன்று சுடுவதில்லை. ஏன்? துப்பாக்கி செய்பவர்களிடம் தெளிவான பதில் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தார்கள். காரணம் தெரியாமல் மெஷின் செய்தால் அதே தப்பை ஆயிரக்கணக்கில் செய்வதாகத்தான் ஆகும். முதலில் சோதனை, அதற்குத் தனக்குச் சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் அரசு தரட்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

மான்செஸ்டர் அருகே அவர் வீட்டு நிலத்திலேயே 500 கெஜ நீளத்துக்கு மூடிய சுடுகூடம் எழுந்தது. காற்று தோட்டாவைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கூரையும் சுவரும். கட்டிய கொஞ்ச நாளில் புயலில் இடிந்தது, திரும்பக் கட்டினார்கள். வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகள். தோட்டா ஒவ்வொரு திரையிலும் ஓட்டை போட்டுக்கொண்டு போகும். ஓட்டை வட்டமாக இருந்தால் நேராகப் போகிறது. நீளமாகக் கிழிந்திருந்தால் தடுமாறிப் புரளுகிறது. எந்த இடத்தில் தடுமாற ஆரம்பிக்கிறது என்பது காகிதத்திலேயே எழுதி வைத்த மாதிரி தெரிந்துவிடும்.

எந்த முறுக்கு சரி?

பம்பரம் சுழலும்வரைதான் நிற்கும். தோட்டாவும் அப்படித்தான். குழலுக்குள் திருகலாக ஓடும் காடிகள் அதைச் சுழற்றிவிடுகின்றன. எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்பதே முறுக்கு. ட்விஸ்ட் ரேட் என்பார்கள்.

அப்போதைய ராணுவ ரைஃபிள் 1853 மாடல் என்ஃபீல்டு. 1857 எழுச்சிக்குத் தீப்பொறியான கொழுப்புத் தடவிய தோட்டா உறைகள் இந்த ரைஃபிளுக்கானவைதான். அதன் துளை 0.577 அங்குலம், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் பல வேக முறுக்குகளைச் சோதித்து, கடைசியில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முடிவு செய்தார். துளை 0.451 அங்குலம். வட்டமாக இல்லாமல் அறுகோணம்.

தோட்டாவின் எடை ஏறக்குறைய என்ஃபீல்டு தோட்டாவின் எடைதான். துளை சின்னது என்பதால் தோட்டா ஒல்லியாக, நீளமாக ஆனது. ஒல்லியான தோட்டா காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும். ஆனா நீளம் கூடக்கூட அதை நேராக நிறுத்த வேகமான சுழற்சி வேண்டும். குழலும் தோட்டாவும் ஜோடி. ஒன்றைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஜெயித்தும் தோற்ற ரைஃபிள்

1857-ல் ஹைத் ராணுவப் பள்ளியில் இரண்டு ரைஃபிளுக்கும் போட்டி. 500 கெஜத்தில் என்ஃபீல்டு தோட்டாக்கள் சராசரியாக இரண்டே கால் அடி விலகின. விட்வொர்த்தின் விலகல் அரை அடிகூட இல்லை. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டுக்குப் பதிவு செய்யவே ஒன்றுமில்லை. விட்வொர்த் அப்போதும் இலக்கில் பட்டுக்கொண்டிருந்தது.

1860-ல் விம்பிள்டன் துப்பாக்கிப் போட்டியைத் தொடங்கிவைக்க வந்த விக்டோரியா ராணிக்கும் விட்வொர்த் ரைஃபிளைத்தான் தாங்கியில் பொருத்தி வைத்தார்கள். ராணி பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்தில் இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றே கால் அங்குலம் தள்ளி விழுந்தது குண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. விலை என்ஃபீல்டைப் போல சுமார் நான்கு மடங்கு. சில முறை சுட்டதும் கரி அடைத்துக்கொண்டால் தோட்டாவை உள்ளே தள்ளுவது சிரமம். துளை ரொம்பச் சின்னது என்ற குறை வேறு. கரி விஷயத்தில் ராணுவம் சொன்னதில் நியாயம் இருந்தது. அறுகோணம் அவசியமே இல்லை என்பதும் பின்னால் தெரிந்தது. வில்லியம் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் ஆழமில்லாத சாதாரணக் காடிகளோடும் அதே துல்லியத்தைக் கொண்டுவந்தார்.

விட்வொர்த்தின் கண்டுபிடிப்பில் நின்றது சின்னத் துளையும் வேக முறுக்கும்தான். 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் துளை 0.45 அங்குலம்; 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எது ரொம்பச் சின்னது என்று ஒதுக்கினார்களோ, அதே அளவுக்கே வந்து சேர்ந்தார்கள்.

இதற்கிடையில் ரைஃபிள் வேறு இடத்தில் வேலை செய்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படை இவற்றைக் கடல் முற்றுகையைத் தாண்டிக் கொண்டுவந்து, குறிபார்த்துச் சுடும் வீரர்களிடம் கொடுத்தது. 1864 மே 9-ல் ஸ்பாட்சில்வேனியாவில் வட படைத் தளபதி ஜான் செட்ஜ்விக்கைக் கொன்றது விட்வொர்த் ரைஃபிள் என்பது பரவலான நம்பிக்கை. காகிதத் திரையில் ஓட்டைகளை எண்ணிச் செய்த ஆராய்ச்சியின் விலை அங்கே மனித உயிராக இருந்தது.

இன்று குழல் வாங்குபவர் பார்ப்பது என்ன?

*மரை:* ஜெர்மனி மெட்ரிக் நாடு. ஆனாலும் புகழ்பெற்ற மவுசர் 98 போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளில் குழல் ஏறும் மரை அங்குலத்துக்கு 12, கோணம் 55 டிகிரி. விட்வொர்த் கோணமேதான். அமெரிக்க ரைஃபிள்களில் பொதுவாக 60 டிகிரி. இது தெரியாமல் வாங்கினால் குழல் சரியாக உட்காராது.

*முறுக்கு:* .223 ரெமிங்டன் ரகத்தில் பழைய போல்ட்-ஆக்‌ஷன் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் எடையுள்ள சின்ன தோட்டாவுக்கு அது போதும். 77 கிரெய்ன் நீளத் தோட்டா சுட வேண்டுமென்றால் 8 அல்லது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். விலை உயர்ந்த குழலாக இருந்தாலும் முறுக்கு தப்பென்றால் தோட்டா புரளத்தான் செய்யும்.

*இடைவெளி:* குழல் மாற்றினால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் அறைக்கும் உள்ள தூரமும் மாறும். ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலே உறை வெடித்துச் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். அதனால்தான் இரண்டு கேஜ் போட்டுப் பார்க்கிறார்கள்: ஒன்றில் போல்ட் மூட வேண்டும், மற்றொன்றில் மூடக் கூடாது. பட்டறைகளில் கேஜ் போட்டு அளக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் விட்வொர்த்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். குழலாக இருந்தாலும் உரிமம் இல்லாமல் வாங்கவோ மாற்றவோ முடியாது.

கடைசிக் காலம்

பின்னாளில் விட்வொர்த்தின் கவனம் எஃகின் பக்கம் போனது. உருகிய எஃகை அப்படியே ஆறவிட்டால் உள்ளே காற்றுக் குமிழ்கள் தங்கும். உருகிய நிலையிலேயே பலத்த அழுத்தம் கொடுத்து அவற்றை வெளியேற்றினார். லண்டனின் பெயர்பெற்ற பர்டி கம்பெனி உட்பட வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் அந்த எஃகில் குழல் செய்தார்கள்.

1868-ல் இளம் பொறியாளர்களுக்காக வருடத்துக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை அறிவித்தார். புத்தகப் படிப்பு மட்டும் போதாது, கருவி பிடித்து வேலை செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த உதவித்தொகை இன்றும் தொடர்கிறது. 1869-ல் பாரோனெட் பட்டம். 1887 ஜனவரி 22-ல் மான்ட்டி கார்லோவில் இறந்தார். குழந்தைகள் இல்லை. சொத்தின் பெரும்பகுதி பொதுக் காரியங்களுக்குப் போனது. மான்செஸ்டரின் விட்வொர்த் ஓவியக் கூடம் அதில் வந்ததுதான்.

பீரங்கி விஷயத்தில் அவருக்கு வாழ்நாள் போட்டியாளராக இருந்தவர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். அவர் கம்பெனியோடு 1897-ல் விட்வொர்த் கம்பெனியும் இணைந்துவிட்டது. 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் சேர்ந்து பொது மரைக்கு 60 டிகிரியை ஏற்றன. கணக்குப் பார்த்தால் அவருடைய ரைஃபிளும் போனது, கோணமும் பாதி போனது.

ஆனாலும் பழைய மவுசருக்குக் குழல் கடையும் ஒருவர் இன்றும் லேத்தில் 55 டிகிரி டூலைத்தான் பொருத்துகிறார். கேஜைப் போட்டு, போல்ட்டை மெதுவாக மூடி, விரலால் உணர்ந்து பார்க்கிறார். கண்ணால் பார்ப்பதைவிடத் தொட்டு அளப்பதே துல்லியம் என்று விட்வொர்த் கண்ட பாடம் அங்கே இன்னும் மாறவில்லை.