மனத்தைப் படித்த மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்



ஜொகூர் பாருவில் வளர்ந்தவர்களுக்குத் தம்போய் என்ற ஊர்ப்பெயர் எதற்கெல்லாம் பயன்படும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், யாராவது தனக்குத் தானே பேசிக்கொண்டால், அவனைத் தம்போய்க்கு அனுப்ப வேண்டும் என்று கேலி செய்வோம். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு சமயம் என் சித்தப்பா இரண்டு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. சிங்கப்பூரில் வேலை என்று அம்மா சொன்னார். அவர் உண்மையில் எங்கே இருந்தார் என்பது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு அந்தக் கேலி என் வாயில் வந்ததில்லை.

இன்று நான் உளவியல் துறையில் இறுதியாண்டு மாணவி. எங்கள் பாடநூல்களில் வரும் பெயர்கள் எல்லாம் வியன்னா, லைப்சிக், பென்சில்வேனியா என்றே இருக்கும். நம் பக்கத்து மனிதர் ஒருவர்கூட இல்லையா என்று தேடியபோது கிடைத்தவர்தான் கிரீந்திரசேகர் போஸ். உளவியலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று வழங்கிய முதல் முனைவர் பட்டம் இவருடையது.

போஸ் 1887-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பீகாரில் உள்ள தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர். வங்காளிகள் இன்றும் விரும்பிப் படிக்கும் நகைச்சுவை எழுத்தாளர் ராஜசேகர் போஸ் இவருடைய அண்ணன். கல்கத்தாவில் வேதியியல் படித்த தம்பி, பிறகு மருத்துவம் பயின்று 1910-இல் மருத்துவரானார். இளமையிலேயே அறிதுயில் கலையில் அவருக்கு ஈடுபாடு உண்டு. உடல் நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே, மனநோயாளிகளையும் உட்கார வைத்துப் பேச விட்டுக் கேட்கத் தொடங்கினார்.

இங்கேதான் அவர் மற்ற மருத்துவர்களிடமிருந்து வேறுபடுகிறார். நோயாளிகள் வருகிறார்கள், வருமானமும் வருகிறது, அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த உளவியல் துறையில், மீண்டும் மாணவராகச் சேர்ந்து படித்து 1917-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தாம் கண்ட நோயாளிகளின் அனுபவத்தையே ஆய்வாக்கி 1921-இல் முனைவரானார். மனிதன் சில விருப்பங்களை ஏன் தன்னிடமிருந்தே மறைத்து வைக்கிறான் என்பதே ஆய்வின் கேள்வி. ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று நம் உள்ளேயே இருக்கிறது, அந்த இரண்டும் மோதும்போது ஒன்று அடியில் அமுங்கிப் போகிறது என்பது அவர் தந்த விடை.

அந்த ஆய்வு நூலை அவர் வியன்னாவுக்கு, சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார். இவ்வளவு தொலைவிலும் தம் துறையில் ஒருவர் உழைக்கிறாரா என்று ஃபிராய்ட் வியந்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. 1931-இல் ஃபிராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தால் ஆன ஒரு விஷ்ணு சிலை சென்றது. அதை அவர் தம் மேசையில் வைத்துக்கொண்டார். எதிர் விருப்பக் கொள்கையை மட்டும் அவர் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. போசும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் மனத்தைத் தொட்டது இந்தக் கருத்து வேறுபாடு அன்று. போசுக்கு ஆய்வு இருந்தது, நோயாளிகளும் இருந்தார்கள். ஆனால் அவர் நோயாளியிடம் பேசும் முறையைப் பார்த்து, இது சரி, இது தவறு என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொள்கையை வகுத்தவரும் அவரே, அதைக் கொண்டு சிகிச்சை செய்தவரும் அவரே, பலித்ததா என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே. எவ்வளவு பெரிய அறிஞராயினும் இது ஆபத்தான நிலைதான். கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆன காலத்தில் அவருக்கு வேறு வழியும் இல்லை.

தமக்குக் கிடைக்காததைப் பிறருக்கு ஏற்படுத்தித் தந்ததே அவர் பெருமை எனலாம். 1922-இல் பார்சிபாகான் சந்தில் இருந்த தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அங்குப் பயிற்சிக்கு வந்தவர்கள் முதலில் தங்கள் மனத்தை மூத்தவர் ஒருவரிடம் திறந்து காட்ட வேண்டும். பிறகே அவர் கண்காணிப்பில் பிறருக்குச் சிகிச்சை செய்ய முடியும். 1933-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கான புறநோயாளிப் பிரிவைத் திறந்தார். பொது மருத்துவமனையில் அப்படி ஒரு பிரிவு இந்தியாவில் அதுவே முதல். காய்ச்சலுக்கு வருவதுபோல் மனநோயாளியும் வந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு, அன்றே வீடு திரும்பலாம். நம் தம்போயில் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டதே 1937-இல்தான் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1940-இல் லும்பினி பார்க் என்ற மனநல மருத்துவமனையும் போஸ் முயற்சியால் உருவானது.

அமெரிக்காவின் போல்டர் நகரில் 1949-இல் உளவியலாளர்கள் கூடி, மருத்துவ உளவியலில் முனைவர் ஆகிறவர் ஆய்வும் செய்ய வேண்டும், மேற்பார்வையில் நோயாளிகளையும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உலகின் பல நாடுகளில் இன்று வழங்கும் பயிற்சி முறைக்கு அதுவே அடிப்படை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1953 சூன் 3-ஆம் நாள் போஸ் காலமானார். அடுத்த ஆண்டு பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் மருத்துவ உளவியலுக்கு முறையான பயிற்சி அங்கிருந்துதான் பரவியது.

கடந்த விடுமுறையில் நான் தொழிற்பயிற்சிக்குச் சென்றிருந்தேன். ஒரு மூதாட்டி தமிழில் சொன்னதை எல்லாம் நான் குறிப்பெடுத்து, அவர் பயப்படுகிறார் என்று முடிவும் எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் அந்த வரியில் வட்டம் போட்டு, இது அவர் சொன்னதா, நீங்கள் நினைத்ததா என்று கேட்டார். நான் நினைத்ததுதான். முகம் சிவந்து போனது. அன்றிரவு போசின் நினைவு வந்தது. இப்படி வட்டம் போட ஓர் ஆள் இல்லாமல் அவர் எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்!

மலேசியாவில் மருத்துவ உளவியலாளர் ஆக இளங்கலை மட்டும் போதாது. முதுகலையும், மேற்பார்வையில் செய்த பயிற்சியும் வேண்டும். காலமும் பணமும் செலவாகும் என்று தயங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அந்த மூதாட்டி மலாயிலோ ஆங்கிலத்திலோ தம் மனத்தைச் சொல்லியிருக்க மாட்டார். தமிழில் கேட்கத் தெரிந்தவர்களும், கேட்டதைத் தவறாக எழுதினால் திருத்தத் தெரிந்தவர்களும் நமக்குத் தேவைப்படுகிறார்கள்.

சித்தப்பா இப்போது நலமாக இருக்கிறார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர், என்னம்மா படிக்கிறாய் என்று கேட்டார். முதன்முறையாக அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, நன்றாகப் படி என்றார்.