நெஞ்சமே ஏடாக

கருங்கடற்கரையில், ஒடெசா நகரருகே 1889இல் பிறந்தவர் அன்னா கொரென்கோ. கவிதையால் குடிப்பெயருக்கு இழுக்கு நேருமெனத் தந்தை அஞ்சவே, தாய்வழி முன்னோர் பெயரான அக்மதோவாவைப் புனைபெயராகப் பூண்டார். புரட்சிக்குப்பின் நண்பர் பலர் நாடு நீங்கினர், அவர் நீங்கவில்லை. மணவிலக்குப் பெற்றிருந்த முதற்கணவர் குமிலியோவ் 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் லேவ் 1938இல் மீண்டும் சிறைப்பட்டான். லெனின்கிராடுச் சிறைவாயில் வரிசைகளில் அன்னையரோடு அன்னையாக நின்றார் அக்மதோவா.

அத்துயரில் விளைந்ததே ‘ரெக்வியம்’ என்னும் இரங்கற்பாத் தொகுதி. கையெழுத்துப் படியே உயிருக்கு ஊறாகும் காலம் அது. ஆதலின் தாளில் எழுதிக் காட்டுவார்; தோழியர் மனனம் செய்ததும் எரித்துவிடுவார். 1946இல் கட்சித் தீர்மானம் அவரை இழித்துரைத்தது. எழுத்தாளர் சங்கம் விலக்கியது. 1949இல் மகன் மறுபடியும் சிறைப்பட, அவனைக் காக்க வேண்டி 1950இல் ஸ்டாலினைப் போற்றிப் பாடல்கள் வெளியிட்டார். தாயுள்ளம் தாழ்ந்த இடம் அது. ஆயினும் மகன் விடுதலையானது 1956இல்தான்.

அச்சில் வந்த புகழுரை அரசுக்குரியதாயிற்று. அச்சேறாத இரங்கற்பாவோ தோழியர் நெஞ்சில் வாழ்ந்தது. 1963இல் அது மியூனிக்கில் நூலாயிற்று. 1966இல் அக்மதோவா மறைந்தார். அவர் நீங்க மறுத்த நாட்டில் 1987இல் அது அச்சேறியது.