ஜதுநாத் சர்க்கார் தேடிய ஆவணங்கள்

இந்திய வரலாற்றாய்வுக்கு மூல ஆவணமே அடித்தளம் என்ற ஒழுங்கை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஜதுநாத் சர்க்கார். இன்றைய வங்கதேசத்தின் ராஜ்சாஹி பகுதியில் 1870-ஆம் ஆண்டு பிறந்த அவர், முதுகலைப் பட்டம் பெற்றது ஆங்கில இலக்கியத்தில். பாட்னா கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்துகொண்டே அவர் எழுதிய ஔரங்கசீப் வரலாறு, 1912 முதல் 1924 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

அப்பணியில் அவர் எதிர்கொண்ட பெருந்தடை ஆவண இழப்பு. முகலாயப் பேரரசின் தில்லி ஆவணங்கள் படையெடுப்புகளிலும் கொள்ளைகளிலும் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆனால், அரசவை நிகழ்வுகளைத் தம் மன்னர்களுக்கு நாள்தோறும் எழுதியனுப்பிய முகவர்களின் செய்தியறிக்கைகள் ஜெய்ப்பூர் போன்ற அரண்மனைகளில் எஞ்சியிருந்தன. மையத்தில் தொலைந்ததை விளிம்பில் தேட வேண்டும் என்பதே சர்க்காரின் வழியாயிற்று. அதற்காகப் பாரசீகமும் மராத்தியும் கற்றார்; ஐரோப்பிய நூலகங்களிலிருந்து சுவடிகளின் படிகளைத் தம் ஊதியத்திலிருந்தே பெற்றார்.

ஜஹாங்கீர் காலத்து வங்கத்தையும் அசாமையும் விவரிக்கும் மிர்சா நாதனின் 'பஹாரிஸ்தான்-இ-கைபி' பாரிஸ் தேசிய நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதனை அடையாளம் கண்டு ஆய்வுலகுக்கு அறிவித்தவர் சர்க்காரே. அந்த ஒரு சுவடி அழிந்திருந்தால், ஒரு மாகாணத்தின் பல்லாண்டுக்கால வரலாறே மங்கியிருக்கும். தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1690 முதல் 1698 வரை நீடித்த செஞ்சி முற்றுகையை எழுத, முகலாயப் படையுடன் தெற்கே வந்த பீம்சேனின் பாரசீக நினைவுக் குறிப்புகள் அவருக்குப் பெரிதும் துணைநின்றன.

மராத்திய வரலாற்றறிஞர் கோ.ச.சர்தேசாயுடன் இணைந்து புணே ஆங்கிலேயப் பிரதிநிதியின் கடிதங்களைப் பதிப்பித்தார். 1919-இல் அமைந்த இந்திய வரலாற்று ஆவண ஆணையத்திலும் தொடக்கம் முதல் பங்காற்றினார். 1958-இல் அவர் மறைந்தார். வாழ்நாளெல்லாம் அவர் திரட்டிய சுவடிகள் இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் உள்ளன.

ஔரங்கசீப்பின் சமயக் கொள்கை குறித்த சர்க்காரின் முடிவுகளைப் பின்வந்த அறிஞர் பலர் ஏற்கவில்லை. பேரரசின் வீழ்ச்சிக்கு நிலவரி நெருக்கடியையும் வேளாண் சிக்கலையும் அவர்கள் காரணமாகக் காட்டினர். அந்த மறுப்புக்கும் ஆவணங்களே தேவைப்பட்டன. ஆவணம் இருக்கும்வரை எந்த முடிவையும் திருத்தலாம். அது அழிந்தபின் பிழையும் நிலைத்துவிடும்.

நம் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் பழைய ஜமீன் இல்லங்களிலும் கரையான் அரிக்கும் கட்டுகளைப் பழைய காகிதமாகக் கருதி எடைக்குப் போடுகிறோம். இடிந்த பாலத்தை மீண்டும் கட்டலாம்; படியெடுக்காமல் அழியவிட்ட ஆவணத்தை எந்த நிதி ஒதுக்கீட்டாலும் மீட்க இயலாது. சர்க்கார் தனியொருவராகச் செய்ததை ஓர் அரசு செய்ய முடியாதா?