திண்ணையில் உறங்கிய பசி

திருவொற்றியூர்வாசியான எனக்கு வள்ளலார் அயலார் அல்லர். 1823-இல் மருதூரில் பிறந்து, கைக்குழந்தையாகவே தந்தையை இழந்து, சென்னை ஏழுகிணற்றில் அண்ணன் சபாபதியின் ஆதரவில் வளர்ந்தவர் அவர். அங்கிருந்து எங்கள் ஊர்க் கோயிலுக்கு நடந்தே வருவார். ஓரிரவு தாமதமாகத் திரும்பி, பசியுடன் திண்ணையில் உறங்கியவரை, வடிவுடையம்மனே அண்ணியின் உருவில் வந்து எழுப்பி உணவளித்தாள் என்பது மரபு.

1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தாம் மிகக் குறைவாக உண்டபோதும், பிறர் பசியை அவர் தவமாகப் போற்றவில்லை. சாதி, சமயம் பாராமல் சோறிட்டார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்றவர் திரும்பவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1873-இல், லண்டன் மருத்துவர் வில்லியம் கல், உணவிருந்தும் உண்ண மறுக்கும் நோய்க்கு அனரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். பஞ்சத்தின் பொருளியலைக் கற்பித்த நான், வாங்கும் சக்தியற்றோரின் பசியை மட்டுமே அறிந்திருந்தேன். மாணவி ஒருத்தி நாளுக்கு நாள் மெலிந்தபோது, விரதம் என்றெண்ணிப் பாராட்டினேன். மருத்துவர், மனநல ஆலோசகர், உணவியல் வல்லுநர், பெற்றோர் ஆகியோர் சேர்ந்து உழைத்தபின், ஈராண்டுகளில் மெல்ல மீண்டாள். முதலில் உடலுக்கு ஊட்டம், கூடவே மனத்தின் அச்சத்துக்குச் சிகிச்சை. ஏச்சுக்கு அங்கே இடமில்லை.

எழுப்பி உணவளிப்பதற்கு முன், பசித்தவர் திண்ணையில் கிடப்பதை ஒருவர் காண வேண்டும். நான் காணவில்லை.