பாதி ஃபிரேம் மதுரத்துக்கு

போன வருஷம் டிபார்ட்மென்ட் கல்ச்சுரல்ஸ்ல நானும் என் நண்பனும் ஒரு காமெடி ஸ்கிட் போட்டோம். ஏழு நிமிஷம். ரெண்டு பேர்கிட்டயும் நல்ல கவுன்டர்கள் இருந்தன. ஆனா அவன் பேசும்போது நான் என் அடுத்த டயலாக்கை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டு இருந்தேன். நான் பேசும்போது அவனும் அதையேதான் செஞ்சான். ஆடிட்டோரியத்துல ஃபேன் சுத்துற சத்தம் தெளிவா கேட்டுச்சு.

அன்னைக்கு அம்பத்தூர்ல லோக்கல் ட்ரெயின் ஏறி, ரெண்டு பேரும் பேசிக்காம போனை நோண்டிட்டு வந்தோம். யூடியூப்ல ஒரு பழைய கருப்பு வெள்ளை கிளிப் வந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். தாத்தா காலத்து காமெடி, நமக்கு எங்க சிரிப்பு வரப்போகுதுன்னு தள்ளிவிடப் போனேன். அண்ணனூர் தாண்டும்போது கவனிச்சேன், நான் என்.எஸ்.கே.யைப் பார்க்கவே இல்லை. அவர் பேசுறதைக் கேட்டுட்டு நிக்கிற மதுரத்தின் முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அந்தக் கண் அசைவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அதுக்கப்புறம்தான் இவங்க ரெண்டு பேரோட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

என்.எஸ். கிருஷ்ணன் 1908 நவம்பர் 29-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், படிப்பு சீக்கிரமே நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், அந்த மேடையைப் பார்த்துப் பார்த்தே கலைஞன் ஆனான். வில்லுப்பாட்டு, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி, அங்கிருந்து சினிமா. 1936-ல் வந்த சதி லீலாவதியில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்.

அதே 1936-ல் வசந்தசேனா என்ற படம். ஷூட்டிங் புனேயில். அங்கேதான் ஸ்ரீரங்கத்துக்காரரான மதுரத்தைச் சந்தித்தார். ரெண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊரில் என்.எஸ்.கே.வுக்கு ஏற்கனவே நாகம்மாள் என்று ஒரு மனைவி உண்டு. அது மதுரத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு யாரும் இதை ஒரு அழகான காதல் கதையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எனக்கும் அது உறுத்துது. ஆனால் மதுரம் விலகிப் போகவில்லை. திரையில் அவர் என்.எஸ்.கே.யை மடக்கும் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

1937-ல் அம்பிகாபதி. அதிலிருந்து அடுத்த ஏழெட்டு வருஷம் இந்த ஜோடி இல்லாத பெரிய படம் கம்மி. என்.எஸ்.கே.வின் வேலை முறையே தனி. மெயின் கதை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். காமெடிப் பகுதியை அவரே யோசித்து, தன் குழுவை வைத்துத் தனியாக எடுத்துக் கொடுப்பார். இப்போ நாம காமெடி ட்ராக்னு சொல்றோமே, அதைத் தமிழில் வழக்கமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆண் ஜோடியாகவும் அவர் நடித்திருக்கிறார். 1940-ல் வந்த சகுந்தலையில் அவரும் டி.எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து சண்டை போடுவார்கள். ஒருத்தன் அடிக்கிறது, ஒருத்தன் வாங்குறது. லாரலும் ஹார்டியும் செய்தது, கரகாட்டக்காரன் வாழைப்பழத்தில் கவுண்டமணியும் செந்திலும் செய்தது எல்லாம் இந்த வகைதான். செந்தில் அந்தப் பழத்தைப் பற்றித் துளி சந்தேகமும் இல்லாத முகத்தோடு நிற்பதால்தான் கவுண்டமணியின் கோபம் வேலை செய்கிறது.

மதுரத்தோடு வரும்போது இந்த மேல் கீழ் அமைப்பே மாறிவிடும். என்.எஸ்.கே. பெரிய புத்திசாலி மாதிரி எதையாவது ஆரம்பிப்பார். மதுரம் உடனே எதிர்த்துப் பேச மாட்டார். கேட்பார். முழுசா கேட்பார். அவர் தன் வாயாலேயே போய் மாட்டிக்கொள்ளும் இடம் வரைக்கும் விட்டுவிட்டு, பிறகு ஒரே ஒரு கேள்வி. அப்போதெல்லாம் இப்போ மாதிரி ரெண்டு செகண்டுக்கு ஒரு கட் கிடையாது. ரெண்டு பேரும் ஒரே ஃபிரேமில் நீளமாக நிற்பார்கள். பேசாமல் இருப்பவருக்கு ஒளிய இடமே இல்லை. பாதி ஃபிரேம் மதுரத்துக்கு, அதில் அவர் சும்மா நின்ற நேரமே கிடையாது. ஈசிஈ பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா இது இம்பீடன்ஸ் மேட்சிங். சோர்ஸ் எவ்வளவு பெருசா இருந்தாலும் லோடு மேட்ச் ஆகலன்னா பவர் போய்ச் சேராது. (எங்க ஸ்கிட்டில் ரெண்டு சோர்ஸ் இருந்தது, லோடே இல்லை.)

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானது. எம்.கே. தியாகராஜ பாகவதர் ஹீரோ, காமெடிக்கு என்.எஸ்.கே., மதுரம். படம் வந்து மூன்று நாலு வாரம்கூட ஆகியிருக்காது. நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்த இந்துநேசன் பத்திரிகையின் ஆசிரியர் அவர். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தோற்றது.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். ஹரிதாஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி தாண்டி ஓடிய படம். அதாவது திரையில் என்.எஸ்.கே. தினமும் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார், நிஜ என்.எஸ்.கே. ஜெயிலில் இருக்கிறார். ஜோடியில் மிச்சம் இருந்தது மதுரம் மட்டும்.

அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. வழக்கு நடக்கணும், குடும்பம் நடக்கணும், என்.எஸ்.கே.யை நம்பி இருந்த ஒரு கூட்டமே சாப்பிடணும். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். புருஷன் பெயரில் நாடகம், மேடையில் புருஷன் இல்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி அங்கிருந்து உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் ரெண்டு பேரும் விடுதலை ஆனார்கள். உள்ளே போய் ரெண்டு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. 1948-ல் வந்த ராஜ முக்தி ஓடவில்லை. என்.எஸ்.கே.வுக்கு அப்படி ஆகவில்லை. மதுரமும் சகஸ்ரநாமமும் மேடையில் நடத்திய பைத்தியக்காரன் நாடகம் அப்போது படமாகிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கென்று ஒரு வேடத்தைச் சேர்த்தார்கள். வந்த உடனே நடிக்க ஒரு படம், எதிரில் நிற்க அதே மதுரம். பாகவதருக்குக் குரல் இருந்தது, காத்திருந்து இடம் பிடித்து வைக்க இப்படி ஒரு ஜோடி இல்லை. இது என் கருத்துதான், காலம் மாறியது, பாட்டு ரசனை மாறியது என்று நீங்க வேற காரணமும் சொல்லலாம்.

அதே 1947-ல்தான் பம்மல் சம்பந்த முதலியார் கையால் கலைவாணர் பட்டம். 1948-ல் சந்திரலேகாவில் இந்த ஜோடி சர்க்கஸ்காரர்களாக வந்தது. 1949-ல் அண்ணா எழுதிய நல்லதம்பி. அதில் வரும் கிந்தனார் கதாகாலட்சேபத்தை அவசியம் பாருங்க. நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு, ஊரில் ஒடுக்கப்பட்ட பையன் பட்டணம் போய்ப் படித்து அதே ஊருக்கு அதிகாரியாகத் திரும்பி வருவதாகச் சொல்வார். ஜாதியைப் பற்றி இவ்வளவு சிரிக்க வைத்து, இவ்வளவு கோபமாகவும் பேசிய காட்சி இன்னைக்குக்கூட அபூர்வம். பிறகு மணமகள், பணம் படங்களை அவரே இயக்கினார்.

சம்பாதித்ததைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கடைசியில் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1957 ஆகஸ்ட் 30-ல் சென்னை ஜெனரல் ஹாஸ்பிடலில் இறந்தபோது வயசு 48. மதுரம் அதற்குப் பிறகும் பல வருஷம் வாழ்ந்தார்.

1969 ஜனவரியில் முதலமைச்சர் அண்ணா, உடம்பு முடியாத நிலையிலும் வந்து, தி.நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. மூன்று வாரத்தில் அவரும் போய்விட்டார். போன மாசம் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஜி.என். செட்டி ரோட்டில் அந்தச் சிலையைப் பார்த்தேன். தனியாகத்தான் நிற்கிறார்.

இந்த வருஷக் கல்ச்சுரல்ஸுக்கு நானும் அவனும் திரும்பப் பேர் கொடுத்திருக்கோம். கவுன்டர் முழுக்க அவனுக்கு. நான் கேட்கப் போறேன்.