இராதாகோபிந்த சந்திரா

இராதாகோபிந்த சந்திரா (சூலை 16, 1878 – ஏப்ரல் 3, 1975) இந்தியாவின் முன்னோடித் தொழில்முறை சாரா வானியலாளர்களுள் ஒருவர் ஆவார். ஒளி மாறும் விண்மீன்களை நீண்ட காலம் அவதானித்துப் புகழ் பெற்றவர்.

இளமை

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள யசோர் மாவட்டத்தின் பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பாடப்புத்தகத்தில் இருந்த அண்டம் பற்றிய கட்டுரை ஒன்று அவருக்கு வானியலில் ஆர்வமூட்டியது. பள்ளி நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோல்வியுற்றதால் மேற்கல்வி பெறவில்லை. யசோர் அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் சிறிய பணியில் அமர்ந்தார்.

வானியல் பணி

1910 இல் ஏலியின் வால்வெள்ளியை இருகண்நோக்கி கொண்டு அவதானித்து வங்க மொழியில் கட்டுரைகள் எழுதினார். 1912 இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வாங்கினார். பகலில் அலுவலகப் பணியும் இரவில் வான்நோக்கலுமாக அவர் வாழ்க்கை அமைந்தது.

1918 சூனில் கழுகு விண்மீன் குழாமில், வரைபடத்தில் இல்லாத பிரகாசமான விண்மீன் ஒன்றைக் கண்டார். அது 20 ஆம் நூற்றாண்டின் மிகப் பிரகாசமான நோவா ஆகும். உலகின் பிற பகுதிகளிலும் பலர் அதைத் தனித்தனியே கண்டனர். இவர் தம் குறிப்புகளை ஆர்வர்டு வான்காணகத்துக்கு அனுப்பினார். இதன் வழியாக, அமெரிக்க மாறும் விண்மீன் நோக்காளர் சங்கத்தில் உறுப்பினரானார்.

மாறும் விண்மீனை அருகிலுள்ள மாறா ஒளி விண்மீன்களுடன் கண்ணால் ஒப்பிட்டு, அதன் ஒளியளவை மதிப்பிடுவதே இவரது முறை. பெரிய வான்காணகங்களால் எல்லா விண்மீன்களையும் ஒவ்வோர் இரவும் கண்காணிக்க இயலாது என்பதால் இத்தகைய தொடர் பதிவுகள் பயன்மிக்கவை. சங்கம் 1926 இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இவருக்கு இரவலாக வழங்கியது. 1928 இல் பிரெஞ்சு அரசு விருதளித்துச் சிறப்பித்தது. 1954 வரை இவர் அனுப்பிய அவதானிப்புகள் 37,215 ஆகும்.

இறுதிக் காலம்

நாட்டுப் பிரிவினையின் விளைவாகப் பிறந்த ஊரை விட்டு நீங்கி, மேற்கு வங்காளத்தின் பாராசாத்தில் குடியேறினார். முதுமையில் வான்நோக்கலை நிறுத்தியபின், இரவல் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவிடம் சென்றது. பின்னர் அது தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்தை அடைந்தது. சந்திரா 1975 இல் பாராசாத்தில் தமது 96 ஆவது வயதில் காலமானார். அவரது அவதானிப்புகள் அச்சங்கத்தின் தரவுத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.